பதினாலாம் நம்பர் லேப்டாப்

போன மாதம் என் லேப்டாப்பின் மூலையில் ஓர் அறிவிப்பு வந்தது. புதிய வசதி ஒன்று வந்திருக்கிறதாம். ஆசையாக அழுத்தினேன். ‘உங்கள் கணினி இந்த வசதிக்கு ஏற்றதல்ல’ என்று அதே மூலையில் பதில் வந்தது. ஏற்றதல்ல என்றால் என்னை எதற்குக் கூப்பிட்டாய் என்று அதனோடு சண்டை போட முடியாது. அதனால் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன்.

“உங்க மாடல் பழசு மேடம். சப்போர்ட் கிடையாது” என்றாள் மறுமுனையில் ஒரு பெண்.

“யாராவது அதுல போட்டுப் பாத்தீங்களாம்மா?”

“லிஸ்ட்ல இல்ல மேடம்” என்றாள்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அன்று வந்த வேகத்திலேயே அது வடிந்தும் போனது. ஏனென்றால், வேறொரு கம்பெனியில், அது போன்ற ஒரு லிஸ்ட்டை வருடக்கணக்காகக் கைப்பட எழுதியவள் நான். எந்த லேப்டாப்பில் எங்கள் சாஃப்ட்வேர் ஓடும், எதில் ஓடாது என்று தீர்ப்புச் சொல்கிற லிஸ்ட். இதை ஒரு கல்யாணப் பந்தியில் பழைய ஆபீஸ் பிள்ளைகளிடம் சொன்னேன். அவர்கள் என்னை விடவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும் என்றார்கள். அவர்களுக்குத் தெரியாத ஒன்றும் இதில் இருக்கிறது.

நான் பிறந்து வளர்ந்தது பெங்களூர் ஒக்கலிபுரம். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டுக் கல்யாணம், குழந்தைகள் என்று இருந்தேன். 1991இல், நாற்பதை நெருங்கும்போது, மல்லேஸ்வரத்தில் ஒரு வீட்டு மாடியில் நடந்த சின்னக் கம்பெனியில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். டாக்டர்களும் வக்கீல்களும் கடிதம், அறிக்கை எல்லாம் அடிப்பதற்கு ஒரு சாஃப்ட்வேர் செய்து விற்றார்கள். இரண்டாம் நாளே நான் அடித்த வேகத்தில் அது அப்படியே நின்றுவிட்டது. வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து அறையிலிருந்து வெள்ளை முழுக்கைச் சட்டை போட்ட ஒருவர் ஓடி வந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

“என்ன செஞ்சீங்க? மறுபடி அதே மாதிரி நிக்க வைங்க பாப்போம்” என்றார்.

நிற்க வைத்தேன். மறுநாளிலிருந்து நான் டைப்பிஸ்ட் இல்லை, டெஸ்டர். எனக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான்.

அவர்தான் ராவ் சார், டெஸ்டிங் பிரிவின் தலைவர். வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ். என்னை ‘விஜயா அவரே’ என்றுதான் கூப்பிடுவார், அது கன்னடத்து மரியாதை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் கையில் ஒரு மர ஸ்கேல் இருக்கும். நாங்கள் எழுதிக் கொடுக்கும் லிஸ்ட்டில் ஒவ்வொரு வரிக்கும் கீழே அந்த ஸ்கேலை வைத்து, “நீவு நோடிதீரா?” என்று கேட்பார். நீங்கள் பார்த்தீர்களா என்று அர்த்தம். இன்னொரு டெஸ்டர் பெயரைச் சொல்லி, கணேஷ் பார்த்தான் சார் என்றால் தப்பிக்க முடியாது. கணேஷைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டுத்தான் ஸ்கேல் அடுத்த வரிக்கு இறங்கும். நாற்பது வரி லிஸ்ட்டுக்குச் சமயத்தில் அரை நாள் ஆகும். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் பல்லைக் கடிப்போம்.

லேப்டாப்கள் வந்த பிறகு எங்கள் வேலை பெருகியது. ஓர் அறை முழுக்க இரும்பு ஷெல்ஃப், அதில் மாடலுக்கு ஒன்றாக லேப்டாப்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் நம்பர் ஒட்டியிருக்கும். புதிய பதிப்பு வெளிவரும் முன்னால் ஒவ்வொன்றாக இறக்கி, உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு, எங்கள் சாஃப்ட்வேரைப் போட்டு, முப்பத்தொரு சோதனைகள் செய்ய வேண்டும். கடைசிச் சோதனை, சாப்பிடப் போகும்போது அதை ஓடவிட்டுப் போய், திரும்பி வந்து பார்ப்பது. ஓடிக்கொண்டிருந்தால் ‘உண்டு’, நின்றிருந்தால் ‘இல்லை’. இந்த லிஸ்ட் அப்படியே சி.டி.யில் ஏறிவிடும். வாடிக்கையாளர் சி.டி.யைப் போட்டதும் அது முதலில் லிஸ்ட்டைத்தான் பார்க்கும். ‘இல்லை’ என்று இருந்தால் அங்கேயே கதவைச் சாத்திவிடும். கட்டத்தைக் காலியாக விட அனுமதி கிடையாது. சோதிக்க முடியாமல் போனால் ‘பார்க்கவில்லை’ என்று எழுதி, ஏன் என்று காரணமும் எழுத வேண்டும். காரணம் எழுதினால் மேலே விசாரிப்பார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு பதிப்பில் ‘பெரிய எழுத்து’ என்று ஒரு வசதி சேர்த்தோம். ஒரு விசையை அழுத்தினால் திரையில் இருப்பதெல்லாம் நாலு மடங்கு, எட்டு மடங்கு பெரிதாகும். எங்கே அடிக்கிறோமோ அந்த இடத்தைத் திரையே தொடர்ந்து வரும். இன்று கேட்டால் இதென்ன பிரமாதம் என்று தோன்றும். அன்று அதற்காக எங்கள் ஆட்கள் ஒரு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பதிப்பு வெளிவர இரண்டு வாரம் இருக்கும்போது ராவ் சாருடைய மனைவிக்கு இதயத்தில் ஆபரேஷன் என்று ஆனது. பகலெல்லாம் அவர் ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சும்மா உட்காரத் தெரியாத மனிதர். ஷெல்ஃபிலிருந்த பதினாலாம் நம்பர் லேப்டாப்பை எடுத்துப் போயிருந்தார். அது பழைய மாடல், ஆனால் சத்தமே போடாது, பக்கத்தில் படுத்திருப்பவர் தூங்கலாம். சோதனை அறையின் மெஷினை வாசலுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவரே அவர்தான். “பதினாலு என்கிட்ட இருக்கு விஜயா அவரே. திங்கக்கிழமை கொண்டாந்துடறேன்” என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை அவர் வரவில்லை. ஆபரேஷன் தள்ளிப்போயிருந்தது. செவ்வாய்க்கிழமை மாலைக்குள் லிஸ்ட் வேண்டும் என்று மேலே இருந்து வந்துவிட்டார்கள். எல்லா வரியும் முடிந்திருந்தது. பதினாலாவது கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

‘பார்க்கவில்லை’ என்று எழுதியிருக்க வேண்டும். எழுதினால் ஏன் என்று கேட்பார்கள். மெஷின் எங்கே என்று கேட்பார்கள். அத்தனை வருடம் ஒரு சொல் வாங்காத மனிதர், மனைவி அந்த நிலையில் இருக்கும்போது, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி நிற்க வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. எப்படியும் பழைய மாடல், யார் வைத்திருக்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ‘இல்லை’ என்று எழுதினேன். கீழே என் கையெழுத்தையும் போட்டேன்.

அவர் கையெழுத்துக்காக ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். அப்போதுதான் அந்த அம்மாவை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் அந்தக் கதவையே பார்த்தபடி காகிதத்தை வாங்கினார், ஒரு வரியும் படிக்கவில்லை, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஸ்கேல் வீட்டில் இருந்திருக்கும்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. பதினாலாம் நம்பர் ஷெல்ஃபுக்குத் திரும்பி வந்தது. சாரும் வந்தார். நானும் அதை மறந்தேன்.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. டெஸ்டர்கள் எல்லோரும் வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் வாடிக்கையாளர்களின் போனை எடுக்க வேண்டும். வெளியே திட்டு வாங்கினால்தான் உள்ளே ஒழுங்காக வேலை செய்வோம் என்று சார் கொண்டுவந்த ஏற்பாடு. ஒன்றரை மாதம் கழித்து அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, புஷ்பா என்று ஒரு பெண் ஜீவனஹள்ளியிலிருந்து பேசினாள்.

டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு அடித்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. வீட்டிலிருந்தே செய்கிறாள். அவளுடைய ஆபீஸ் எங்கள் புதிய பதிப்புக்கு மாறப் போகிறது. அடுத்த மாதம் முதல் பழையதில் அடித்த ஃபைல்களை வாங்க மாட்டார்கள்.

“சி.டி. போட்டா ஏத்துக்க மாட்டேங்குது மேடம். உங்க கம்ப்யூட்டர் ஏத்ததில்லன்னு சொல்லுது” என்றாள்.

மாடல் எது என்று கேட்டேன். சொன்னாள். ஷெல்ஃபில் பதினாலாம் நம்பர் ஒட்டியிருந்த அதே மாடல்.

“அது பழசும்மா. சப்போர்ட் இல்ல. வேற மாத்திக்கோங்க” என்று எங்களுக்கு எழுதிக் கொடுத்திருந்த பதிலைச் சொன்னேன்.

“வேற வாங்கற நெலமைல இல்ல மேடம். இதையே எஸ்.பி. ரோட்ல பழசா வாங்கினதுதான். எதனால ஓடாது? மெமரி பத்தலையா? சொன்னீங்கன்னா போட்டுக்கறேன்.”

“மெமரி இல்லம்மா.”

“அப்ப டிஸ்க்ல எடம் பத்தலையா?”

“அதுவும் இல்ல. அது... சப்போர்ட் இல்ல.”

“அதான் ஏன்னு கேக்கறேன் மேடம்.”

போட்டுப் பார்த்திருந்தால்தானே சொல்வதற்கு?

அவளே மேலும் சொன்னாள். “எனக்குக் கண்ணு நடுவுல மங்கலாயிட்டே வருது. ஓரத்துல தெரியும், நேரா பாத்தா தெரியாது. இப்ப ஸ்கிரீன்ல மூக்கு இடிக்கிற மாதிரி உக்காந்துதான் அடிக்கிறேன். உங்க புதுசுல பெரிய எழுத்து வருதுன்னு ஆறு மாசமா சொல்லிட்டிருந்தாங்க. அதுக்குத்தான் வேலைய விடாம இழுத்துப் புடிச்சிட்டிருந்தேன். ஒரு தடவ போட்டுப் பாத்துட்டுச் சொல்றீங்களா?”

பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அவ்வளவு வெட்கம் என் வாழ்க்கையில் வேறு எதற்கும் பட்டதில்லை.

நேராக அறைக்குப் போய்ப் பதினாலாம் நம்பரை இறக்கினேன். சி.டி.யைப் போட்டால் என் கையெழுத்தே என்னைத் தடுத்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் லிஸ்ட் ஃபைலைத் திறந்து அந்த ‘இல்லை’யை மாற்றி, வேறு சி.டி.யில் ஏற்றி மறுபடி போட்டேன். ஓடியது. முப்பத்தொன்றையும் வரிசையாகச் செய்தேன். பெரிய எழுத்து வரும்போது மட்டும் திரை படபடவென்று துடித்தது. நிறங்களின் எண்ணிக்கையைக் குறைத்துப் பார்த்தேன். துடிப்பு நின்றது. சாப்பிடப் போகாமல் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன், ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது.

பிறகுதான் கஷ்டமான வேலை. சாரின் அறைக்குப் போய், உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இந்த மாடல் வெச்சிருக்கறவங்க இதுவரைக்கும் எத்தன பேர் போன் பண்ணாங்க?” என்று கேட்டார்.

போன் ரெஜிஸ்டரைக் கொண்டுவந்து பார்த்தோம். பதினோரு பேர். எல்லோருக்கும் வேறு லேப்டாப் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறோம்.

“எனக்காகத்தான் எழுதினீங்கன்னு புரியுது விஜயா அவரே” என்றார். “ஆனா என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். நான் அங்கதானே ஒக்காந்திருந்தேன்.”

திட்டியிருந்தால் திரும்பிக் கத்தியிருப்பேன். எனக்கு அது சுலபம். அவர் அப்படிச் சொன்னதும் அழுதுவிட்டேன்.

நான்தான் எழுதினேன், நானே மேலே சொல்கிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை. அன்று மதியமே டைரக்டரிடம் போய், மெஷினை வெளியே கொண்டுபோனது நான், படிக்காமல் கையெழுத்துப் போட்டதும் நான் என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரம் அவருக்கு மெமோ வந்தது, அவருடைய வேலைக் காலத்தில் முதலாவதும் கடைசியும். எனக்கும் ஒன்று கொடுக்கச் சொல்லி நானே கேட்டேன். ஒரே தப்புக்கு ரெண்டு மெமோ எதற்கு, காகிதம் வீண் என்று சார் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் முழுசாக நம்பவில்லை.

பதினோரு பேருக்கும் திருத்திய சி.டி. அனுப்பினோம். நான்கு பேர் அதற்குள் பழையதைத் தள்ளிவிட்டு வேறு வாங்கியிருந்தார்கள். அவர்களுக்குச் சார் தனித்தனியாக மன்னிப்புக் கடிதம் எழுதினார். புஷ்பாவின் சி.டி.யை மட்டும் நேரில் கொண்டுபோனோம், நிறங்களை அவள் மெஷினிலேயே குறைத்துவைக்க வேண்டியிருந்தது.

ஜீவனஹள்ளியில் ஆட்டோ நுழையாத ஒரு சந்தில், மாடியில் ஒற்றை அறை. அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தையல் மெஷினின் பலகைமேல்தான் லேப்டாப் இருந்தது. டாக்டர் பேச்சை நிறுத்தவும் ஓட்டவும் காலால் அழுத்துகிற கட்டை ஒன்று உண்டு. அதைத் தையல் மெஷினின் மிதி மேலேயே வைத்துக் கட்டியிருந்தாள். “பழகின எடம் மேடம், கால் தானா போயிடும்” என்றாள். அவளுடைய அம்மா எங்களுக்குக் காபி போட்டுக்கொண்டே, “நல்லபடியா வருமா சார்?” என்று இரண்டு முறை கேட்டாள்.

சார் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு அவரே உட்கார்ந்து போட்டார். இருபது நிமிடம் ஆனது. பிறகு எழுந்து, புஷ்பாவை உட்காரச் சொல்லி, எந்த விசை என்று காட்டினார். அவள் வழக்கம் போலத் திரைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசையை அழுத்தினாள். எழுத்துகள் பெரிதாயின. இன்னொரு முறை அழுத்தினாள். இன்னும் பெரிதாயின. அவள் மெதுவாக முகத்தைப் பின்னால் இழுத்தாள். இன்னும் கொஞ்சம் இழுத்தாள். கடைசியில் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணின் ஓரத்தால் ஒவ்வொரு வார்த்தையாக வாய்விட்டுப் படித்தாள். ஏதோ ஒரு நோயாளியின் முழங்கால் வலியைப் பற்றிய அறிக்கை அது.

“சாஞ்சு உக்காந்து எத்தன நாளாச்சு இவ” என்று அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் காபியைக் குடிக்கிற மாதிரி டம்ளரால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு பதிப்புக்கும் அந்த மாடலைச் சோதித்தோம். அதை வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக விலகிக் கடைசியில் புஷ்பா ஒருத்திதான் மிஞ்சினாள். இரண்டு வருடத்தில் சார் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். புதிதாக வந்த மேனேஜர் நல்ல பிள்ளை, கணக்காகப் பேசுவார்.

“ஒரே ஒரு ஆளுக்காக ஒரு முழு நாள் போகுது மேடம். அடுத்த ரிலீஸ்ல இத எடுத்துடலாமே” என்றார்.

“எடுத்துடுங்க. அந்தம்மா போன் பண்ணா பதில் மட்டும் நீங்க சொல்லுங்க” என்றேன்.

அவர் எடுக்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் கேட்பார், நானும் ஒவ்வொரு முறையும் சண்டை போடுவேன். புதிய வசதிகள் சேரச் சேர அந்தப் பழைய மெஷின் திணறியது. இதை நிறுத்து, அதைக் குறை என்று லிஸ்ட்டில் அந்த வரிக்கு மட்டும் அடிக்குறிப்பு நீண்டுகொண்டே போனது. உண்மையைச் சொன்னால் எனக்கும் அலுத்துவிட்டது. அவளே ஒரு நாள் புதிது வாங்கிவிட்டால் தேவலையே என்று மனதுக்குள் நினைத்திருக்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், மறுபடி ஒரு வெள்ளிக்கிழமை, அவளே கூப்பிட்டாள். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. என்ன ஓடவில்லை என்று கேட்டேன்.

“எல்லாம் ஓடுது மேடம். எனக்குத்தான் பெரிய எழுத்தும் பத்தல” என்றாள். “ரெண்டு மாசமாச்சு.”

அவள் என்னைவிடத் தைரியமாக இருந்தாள். இந்த வருடங்களில், அடித்ததைத் திரும்பப் படித்துக் காட்டுகிற சாஃப்ட்வேர் ஒன்றை, பார்வையில்லாதவர்களுக்கான ஒரு பயிற்சி நிலையத்தில் வாராவாரம் போய்ப் பழகியிருக்கிறாள். மற்றவர்கள் அடித்ததைக் காதால் கேட்டே பிழை பார்க்கிற வேலையை அவளுடைய ஆபீஸ் கொடுத்திருக்கிறது. அதற்கென்று ஒரு புது லேப்டாப்பும் கொடுத்திருக்கிறார்கள்.

“அந்தப் புது வேலைக்கு ஆர்டர் வந்தப்ப முதல் பாதிய நானே படிச்சேன் மேடம், பெரிய எழுத்துல. மீதி பாதிய மெஷின் படிச்சுது” என்று சொல்லிச் சிரித்தாள்.

நானும் சிரித்தேன். கண்ணீர் ரெஜிஸ்டரில் விழுந்தது. நான் எழுதிய ஒரு பொய்யால் இவளுடைய வேலை அன்றே போயிருக்கும். அதை அவளிடம் நான் அதுவரை சொன்னதே இல்லை. அன்று சொன்னேன். பார்க்காமலே ‘இல்லை’ என்று எழுதியது நான்தான் என்றேன்.

“தெரியும் மேடம். அன்னிக்கி வீட்டுக்கு வந்தப்பவே சார் சொல்லிட்டார், தப்பு எங்களோடதுதான்னு. யார் எழுதினதுன்னு மட்டும் சொல்லல” என்றாள்.

பேச்சை மாற்றுவதற்காக, “சரிம்மா, இனிமே அந்த மாடல் யாருக்கும் தேவையில்ல. லிஸ்ட்லேர்ந்து எடுத்துடறேன். எங்க மேனேஜருக்குப் பாயசம் சாப்பிட்ட மாதிரி இருக்கும்” என்றேன்.

“ஐயோ மேடம், எடுத்துடாதீங்க!” என்று பதறினாள். “அதச் சொல்லத்தான் போன் பண்ணேன். அந்த நெலையத்துல என்கூட ஒரு பொண்ணு படிக்கிறா. எனக்கு இருந்த அதே கண்ணு, இப்பதான் ஆரம்பிச்சிருக்கு. லேப்டாப்ப அவகிட்ட குடுத்துட்டேன். இன்னும் நாலஞ்சு வருஷம் தெரியும்னு டாக்டர் சொல்லியிருக்கார். அது வரைக்கும் ஓடணும் மேடம்.”

நான் ஓய்வு பெற்ற அன்று கடைசியாகச் சோதித்தது பதினாலாம் நம்பரைத்தான். அடுத்து என் நாற்காலிக்கு வரப்போகிறவளிடம், புஷ்பா லேப்டாப்பைக் கொடுத்த அந்தப் பெண்ணின் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.